ஷாதிபூர் வீட்டில் திறக்காத பக்கங்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் நடக்கும் தப்பில் எனக்குப் பதினோரு வரி பங்கு இருக்கிறது.

நான் திருநெல்வேலியில் ஒரு பாலிடெக்னிக்கில் கணினி வலையமைப்புப் பாடம் நடத்துகிறவன். ஓய்வு நேரத்தில் ஒரு வலைப்பதிவு எழுதுவேன். ரூட்டரை எங்கே வைப்பது, கடவுச்சொல்லை எப்படி மாற்றுவது என்பது மாதிரி, படிக்கிறவர் அழவோ சிரிக்கவோ தேவையில்லாத விஷயங்கள். 2017 ஏப்ரலில் ‘வீட்டுக்குள் விளம்பரமே நுழையாமல் செய்வது எப்படி’ என்று ஒன்று எழுதினேன். அதன் கீழே போர்ட் பிளேரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்:

‘ஐயா, வீட்டில் ஒரே ஒரு டேப்லெட்டில் மட்டும், ஒரு குறிப்பிட்ட நோய் சம்பந்தமான விளம்பரமும் வெப்சைட்டும் வராமல் செய்ய முடியுமா? மற்றதெல்லாம் வர வேண்டும். அவசரம்.’

அவசரம் என்ற சொல்லைப் படித்தேன். ஏன் அவசரம் என்று கேட்கவில்லை. பதினோரு வரியில் பதில் போட்டேன். ஒரு கருவிக்கு மட்டும் முடியாது, செய்தால் வீடு முழுவதற்கும்தான். உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கணினி ஒன்று வாங்குங்கள். இந்த மென்பொருளைப் போடுங்கள். ரூட்டரில் இந்த இடத்தில் இந்த எண்ணை மாற்றுங்கள். விளம்பரங்களுக்கு ஆயத்தப் பட்டியல் இருக்கிறது. நோய் பற்றிய தளங்களை நீங்களே ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். தொடக்கத்துக்கு இருபது பெயர்களைக்கூட நானே எடுத்துக் கொடுத்தேன். ‘மிக்க நன்றி ஐயா’ என்று வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து விடுமுறைக்குப் போர்ட் பிளேர் போனபோது அவரைத் தேடிப் பார்த்தேன். பெயர் சிவப்பிரகாசம். வயது ஐம்பது. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் தீவுக் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். மூன்று மத்தியானங்கள் அவரோடு டீக்கடையில் உட்கார்ந்தேன். முதல் நாளே, “நீங்க எழுதுங்க சார், ஆனா என்னை நல்லவனா எழுதிடாதீங்க” என்றார்.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. எழுதிப் பார்த்தவற்றைக் காட்டுகிறேன்.

‘2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் அன்று பால்வெட்டு இல்லை. கடல் முதலில் பின்னால் போனதைப் பார்த்த பிள்ளைகள்

[இதோடு நிறுத்திவிட்டேன். அந்தமான் என்று எழுத உட்கார்ந்தால் பேனா நேராக அந்த அலைக்குப் போகிறது. சிவப்பிரகாசமும், “சுனாமியில இருந்து ஆரம்பிக்காதீங்க சார், எல்லாரும் அங்கயே நின்னுடுவாங்க” என்றார். ஆனாலும் உங்களுக்குச் சிலது தெரிந்திருக்க வேண்டும். சிவப்பிரகாசம் இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஏழு வயதில் பெற்றோரோடு நிக்கோபாரின் கச்சால் தீவில் குடியமர்த்தப்பட்டார். மனைவி ஜெயராணி அதே லயத்து வரிசையில் வளர்ந்தவர். பிள்ளைகள் இரண்டு: தமிழரசி, அவளுக்கு மூன்று வயது இளையவனான அன்பழகன். அந்தக் காலையில் ஜெயராணி தமிழரசியை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார். ஆறு வயது அன்பழகன் சித்தப்பா முத்துவீரனோடு கரைக்குப் போயிருந்தான், இருவரும் திரும்பவில்லை. சிவப்பிரகாசம் நிவாரண முகாமில் அப்படித்தான் சொன்னார். ரிஜிஸ்டரிலும் அப்படித்தான் இருக்கிறது. அதன்பின் மிச்சமிருந்த மூவரும் போர்ட் பிளேருக்கு வந்து ஷாதிபூரில் வீடு எடுத்தார்கள். ஜெயராணி கச்சாலுக்குத் திரும்பிப் போகவே இல்லை. போக வேண்டும் என்று மட்டும் வருடத்தில் ஒருமுறை சொல்வார்.]

அடுத்த தொடக்கம் என் வகுப்பறைக் குரலில் வந்தது: ‘இணையத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எண் உண்டு. பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் கணினியை டிஎன்எஸ் சர்வர் என்கிறோம்.’ இதை அடித்துவிட்டேன். சிவப்பிரகாசம் இதைவிடத் தெளிவாகச் சொன்னார்.

“எங்க ஜெட்டியில என்கொயரி கவுண்டர் இருக்குல்ல சார். ஹேவ்லாக் போட் எங்க நிக்குதுன்னு கேட்டா மூணாம் நம்பர்னு சொல்லுவாங்க. அந்தக் கவுண்டர வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிறோம். சில போட்டு பேரச் சொல்லிக் கேட்டா மட்டும், அப்படி ஒண்ணு கிடையாதுன்னு சொல்லச் சொல்லிடறோம். அவ்வளவுதானே?”

அவ்வளவுதான். இதை நான் இருபது வருடமாக நடத்துகிறேன்.

கடைசியில் கீழே இருப்பதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டேன்.

3

“ஏங்க, கணையம்னா என்னாங்க?”

ஜெயராணி இதைக் கேட்டபோது சிவப்பிரகாசம் வாசலில் உட்கார்ந்து ஆபீஸ் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பிரஷ் அப்படியே நின்றது.

“எதுக்குக் கேக்குற?”

“இதுல வருது. கருவாட்டுத் தொக்கு பாக்கலாம்னு திறந்தா, மேல ஒரு டாக்டர் நின்னுக்கிட்டு ‘கணையப் புற்றுநோயா? நம்பிக்கை இழக்காதீர்கள்’ங்கிறான். நேத்தும் வந்துச்சு.”

“விளம்பரம் புள்ள. எல்லாருக்கும் வரும்.”

“ஒச்சம்மாவுக்கு வரலையாம். அவளுக்குப் பொடவ விளம்பரம்தான் வருதாம்.”

ஒச்சம்மா அடுத்த வீட்டுக்காரர். சிவப்பிரகாசம் பிரஷ்ஷை மறுபடி ஓட்டினார். ஒரே ஷூவை இரண்டு முறை தேய்த்திருக்கிறோம் என்று பஸ்ஸில் போகும்போதுதான் கவனித்தார்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, பிப்ரவரியில், ஜெயராணிக்குக் கண் மஞ்சளாகி, முதுகு வரை வலி பரவி, போர்ட் பிளேரில் பார்த்துவிட்டு மெயின்லேண்டுக்குப் போகச் சொன்னார்கள். சென்னையில் ஒரு மருத்துவமனை. ஆறு நாள் பரிசோதனை. ஏழாம் நாள் டாக்டர் சிவப்பிரகாசத்தை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்தார். கணையத்தில் வந்திருக்கிறது, கல்லீரலுக்கும் போய்விட்டது, அறுவை செய்ய இயலாது, ஆறு மாதம், ரொம்பத் தாங்கினால் எட்டு. மஞ்சள் வடிய ஒரு சின்னக் குழாய் வைத்து அனுப்புகிறோம் என்றார்.

“அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“யாரும் சொல்ல வேணாம் சார்” என்றார் சிவப்பிரகாசம்.

டாக்டர் கொஞ்சம் வாதாடிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெயராணியிடம் கல்லீரல் வீக்கம், ஒரு வருடம் மாத்திரை என்று சொல்லியாயிற்று. சென்னையில் வேலையிலிருந்த மகள் தமிழரசிக்கு மட்டும் தெரியும். அவளையும் சத்தியம் செய்ய வைத்தார். ரிப்போர்ட்டை ஆபீஸ் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

[இங்கே ‘அன்பினால்’ என்று ஒரு சொல் எழுதி, எடுத்துவிட்டேன். அது உண்மையாகக்கூட இருக்கலாம். அதை நான் எழுதினால் நீங்கள் அடுத்த பக்கத்துக்கு நிம்மதியாகப் போய்விடுவீர்கள்.]

ஊர் திரும்பியதிலிருந்து ஆபீசில் உட்கார்ந்து தன் போனில் தேடினார். கணையம், நான்காம் நிலை, எத்தனை நாள், வலிக்கு என்ன. வீட்டு டேப்லெட்டை வாங்கியபோது தன் கணக்கிலேயே அதைத் திறந்து கொடுத்திருந்தார். அவர் ஜெட்டியில் தேடியது, ஷாதிபூரில் கருவாட்டுத் தொக்குக்கு மேலே வந்து நின்றது.

தேடிய வரலாற்றை அழித்தார். கணக்கை மாற்றினார். அப்படியும் டாக்டர் வந்துகொண்டே இருந்தார், இரண்டு முறை தமிழில், ஒருமுறை இந்தியில். அப்போதுதான் என் பதிவைக் கண்டுபிடித்தார்.

4

அந்த உள்ளங்கைக் கணினியைச் சென்னையிலிருந்து வாங்கி வந்தவர் கூட வேலை செய்யும் ஜெகநாதன். மே மாதம் ஒரு ஞாயிறு முற்பகலில் சிவப்பிரகாசம் என் பதினோரு வரியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெயராணி அடுப்படி வாசலில் குப்பா மீன் அலசிக்கொண்டிருந்தார். அப்போதே மெலிந்துவிட்டிருந்தார், வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

“என்னாங்க அது, தீப்பெட்டி மாதிரி?”

“நெட்டு ஜல்தியா வர்றதுக்கு.”

அதில் பொய் இல்லை. அந்தமானுக்கு அப்போது கடலடிக் கேபிள் கிடையாது. இணையம் செயற்கைக்கோள் வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்தது. ஒரு சமையல் வீடியோ திறப்பதற்குள் உலை கொதித்துவிடும். அந்தச் சொட்டிலும் பாதியை விளம்பரம் குடித்துக்கொண்டிருந்தது.

ரூட்டரில் எண்ணை மாற்றி, பட்டியலை இறக்கி, நான் கொடுத்த இருபது பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். மருத்துவமனைகள், புற்றுநோய்ச் சங்கங்கள், மருந்து விவரத் தளங்கள். சரியா என்று பார்க்க அதில் ஒன்றைத் திறந்தார். ‘இந்தப் பக்கத்தை அடைய முடியவில்லை.’ டேப்லெட்டை ஜெயராணியிடம் கொடுத்தார்.

ஜெயராணி மீன் கையைத் துடைத்துவிட்டு ஒரு வீடியோவைத் தொட்டார். சட்டென்று வந்தது. மேலே டாக்டர் இல்லை. ஓரத்தில் மினுக்கும் பெட்டிகள் இல்லை.

“அச்சா, நல்லாத்தான் இருக்கு. இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல.”

அந்த வாரத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் சிவப்பிரகாசம் ஒருமுறை சிரித்தார். வீடே அமைதியாகிவிட்டது சார், என்றார். ஜெயராணி சாப்பிடக்கூடச் சாப்பிட்டார். நோயே வெளியே நின்றுவிட்டது மாதிரி அவருக்கு இருந்தது.

* அடிக்குறிப்பு போல ஒன்று. என் பதினோராவது வரி இது: ‘யார் எந்தக் கருவியிலிருந்து எந்தத் தளத்தைக் கேட்டார்கள் என்பது நேரத்தோடு பதிவாகும். வேண்டாமென்றால் அணைத்துவிடலாம்.’ அவர் அணைக்கவில்லை.

5

போர்ட் பிளேரில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். சிவப்பிரகாசம் ஆபீஸ் விட்டு வந்து, டீ குடித்துக்கொண்டே லேப்டாப்பில் அந்தப் பதிவைப் பார்ப்பார். எவ்வளவு விளம்பரம் தடுத்தோம் என்று ஒரு எண் வரும். அதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி.

இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை, டேப்லெட்டுக்கு நேரே வேறு மாதிரி வரிகள் இருந்தன. காலை 10.12, மருந்து விவரத் தளம் ஒன்று. தடுக்கப்பட்டது. 10.14, இன்னொன்று. தடுக்கப்பட்டது. 10.20, சென்னையில் அவர்கள் போன அதே மருத்துவமனை. தடுக்கப்பட்டது. 10.21, மறுபடியும் அதே. மத்தியானத்துக்குள் பதினான்கு முறை.

விளம்பரம் தானாக வரும். இது தானாக வந்ததல்ல. ஒரு கை தட்டி, காத்திருந்து, மறுபடி தட்டியிருக்கிறது. மாத்திரை அட்டையில் இருந்த பெயரை ஜெயராணி எழுத்துக்கூட்டி அடித்திருக்க வேண்டும். தேடல் பக்கம் திறக்கும். தலைப்புகள் வரிசையாக வரும். தொட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது.

அன்று மாலை ஜெயராணி அவருக்கு எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சிவப்பிரகாசம் லேப்டாப்பை மூடியிருக்கலாம். ராணி, உனக்கு என்ன தெரியணும் என்று கேட்டிருக்கலாம்.

தட்டிய பெயர்களில் இரண்டு ஆங்கிலத் தளங்கள் மட்டும் பட்டியலில் இல்லாமல் திறந்திருந்தன. அந்த இரண்டையும் பட்டியலில் சேர்த்தார்.

மறுநாள் புதிதாக நான்கு. அவற்றையும் சேர்த்தார். அடுத்த நாள் மூன்று. பகலில் ஜெயராணி தேடுவார், மாலையில் இவர் அடைப்பார். இப்படி ஐந்து வாரம். இருவரும் ஒரே சட்டிச் சோற்றைச் சாப்பிட்டார்கள், ஒருவரை ஒருவர் மாத்திரை போட்டாச்சா, குடை எடுத்தாச்சா என்று கேட்டுக்கொண்டார்கள். இதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நான் கொடுத்த இருபது பெயர்கள் நூற்றுப் பதினேழு ஆயின.

[ஜெயராணியின் பக்கத்திலிருந்து ஒரு பகுதி எழுதப் பார்த்தேன். ‘பக்கம் திறக்கவில்லை. ஜெயராணி டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம்

தெரியாது. கவிழ்த்து வைத்தாரா, அழுதாரா, நெட் சரியில்லை என்று நினைத்து மறுபடி தட்டினாரா. நான் அவரைப் பார்த்ததில்லை. எனக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் கணவரின் ஞாபகத்திலிருந்தும் அந்தப் பதிவிலிருந்தும்தான். பதிவு தளத்தின் பெயரைச் சொல்லும், மணி சொல்லும். தட்டியவரின் முகத்தைச் சொல்லாது.]

ஜூன் தொடக்கத்தில் அந்த வரிகளுக்கு நடுவே ஒரு பெயர் வந்தது. கப்பல் அட்டவணைத் தளம். அதை யாரும் தடுக்கவில்லை; திறந்திருந்தது. அன்று சாப்பிடும்போது ஜெயராணி கேட்டார்.

“கச்சாலுக்குக் கப்பல் பதினெட்டாம் தேதியாமே?”

“யார் சொன்னா?”

“பாத்தேன். போவோமாங்க? நீங்களும் நானும். நாலு நாளு.”

“மழ தொடங்கிடுச்சு புள்ள. கப்பல் ஆடும். உன் உடம்பு இருக்கிற நெலமையில...”

“ஆடட்டும்.”

“தீவுக்குள்ள போகப் பாஸ் வேற எடுக்கணும். டிசம்பர்ல போவோம். பக்கா.”

ஜெயராணி கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார். “டிசம்பர்லயா?” என்றார். “டீக் ஹை” என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

சிவப்பிரகாசத்திடம் நான் இந்த இடத்தில் நிறுத்திக் கேட்டேன். டிசம்பர் வராது என்று உங்களுக்குத் தெரியுமே?

“தெரியும் சார். டாக்டர் சொன்ன கணக்குல ஆகஸ்ட்டு. ஜூன்ல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா, ஏன் இவ்வளவு ஜல்தின்னு கேப்பா. கேட்டா நான் சொல்லிருவேன். அதான் டிசம்பர்னேன்.” டீ கிளாசைத் திருப்பித் திருப்பி வைத்தார். “டிக்கெட் ஆபீஸ்ல இருக்கிறவன் சார் நான். எந்தக் கப்பல்லயும் ரெண்டு பெர்த் கேட்டா கெடைக்கும்.”

6

உண்மை வெளியே வந்த விதம் சாதாரணமானது. நான் வேறு மாதிரி இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். டிராயர் சாவி கையில் கிடைப்பது, மகள் போனில் உளறிவிடுவது. இரண்டும் நன்றாகவே வந்தன. நடந்தது இது.

ஜூலைக் கடைசியில் ஜெயராணி டேப்லெட்டை எடுத்துக்கொண்டு ஒச்சம்மா வீட்டுக்குப் போனார். அங்கே வேறு கனெக்‌ஷன், வேறு ரூட்டர். எல்லாம் திறந்தது. ஒச்சம்மா அவரை உட்கார வைத்து, தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தமிழில் இருந்ததை உரக்கப் படித்துக் காட்டினார். பாதியில் படிக்க முடியாமல் போக, மீதியை ஜெயராணியே வாங்கிப் படித்தார்.

மத்தியானம் சிவப்பிரகாசம் சாப்பிட வந்தபோது சோறு போட்டு வைத்திருந்தார். எதிரே உட்கார்ந்தார்.

“ஒச்சம்மா வீட்டுல எல்லாம் வருது. நம்ம வீட்டுலதான் வரல.”

சிவப்பிரகாசம் சோற்றைப் பிசைந்தார்.

“சச்சி சொல்லுங்க, மறைக்காம. எத்தன மாசம்னாங்க?”

“ஆறு.”

“எப்போ சொன்னாங்க?”

“பிப்ரவரியில. சென்னையில.”

ஜெயராணி விரல்களை மடக்கினார். மார்ச், ஏப்ரல், மே என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து ஜூலையில் நிறுத்தினார்.

“தமிழரசிக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“மே மாசம் அவகிட்டக் கேட்டேன். ஒண்ணும் இல்லம்மான்னா.” கையை ரூட்டர் பக்கம் நீட்டி, “அந்தத் தீப்பெட்டி இதுக்குத்தானா?” என்றார்.

சிவப்பிரகாசம் தலையை மட்டும் ஆட்டினார். எழுந்து போய் அதன் வயரைப் பிடுங்கினார். ஜெயராணி, “இருக்கட்டும் விடுங்க. வீடியோ நல்லா வந்துச்சு” என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை என்று சிவப்பிரகாசம் சொன்னார். அதுதான் தாங்கவில்லை என்றார்.

பிறகு ஜெயராணி கேட்டது ஒன்றுதான். “அடுத்த கப்பல் என்னிக்கு?”

7

அடுத்த கப்பல் ஆகஸ்ட் இரண்டாம் வாரம். ஜெகநாதன் அலைந்து பாஸ் வாங்கிக் கொடுத்தார். தமிழரசி சென்னையிலிருந்து வந்தாள். அம்மா அவளைத் திட்டவில்லை. தலை வாரிவிடச் சொல்லி முதுகைக் காட்டி உட்கார்ந்தார். புறப்படும் நாள் காலையில் ஜெயராணி தானே புடவை கட்டிக்கொண்டார். கொசுவம் நிற்கவில்லை, பின் ஊசி குத்த வேண்டியிருந்தது.

ஃபீனிக்ஸ் பேயில் ஆட்டோவை உள்ளே விட்டார்கள். எல்லோருக்கும் சிவப்பிரகாசத்தைத் தெரியும். கப்பலின் ஏணிப்படி வரை மகளும் கணவரும் இரண்டு பக்கம் பிடிக்க நடந்தார். முதல் படியில் கால் வைத்தார். இரண்டாவதில் வைத்தார். அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். கறுப்பாக வந்தது. பின்னால் கோழிக் கூண்டும் பாய்ச் சுருளும் வைத்திருந்த நிக்கோபாரிக் குடும்பம் ஒன்று ஒதுங்கி நின்று காத்திருந்தது.

கப்பல்காரர் ஒருவர் குனிந்து, அண்ணி என்று இந்தியில் விளித்து, “பாபி, ஆஸ்பத்திரிக்குப் போங்க. கப்பல் மறுபடியும் வரும்” என்றார்.

ஜெயராணி வாயைத் துடைத்துக்கொண்டு ஏணியை மேலே வரை பார்த்தார். “எத்தனை படிங்க?” என்று கணவரைக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. அந்த ஜெட்டியிலும் அதற்கு முன் கச்சால் ஜெட்டியிலுமாக இருபத்தெட்டு வருடம் பார்த்த ஏணி.

“வீட்டுக்குப் போவோம்” என்றார் ஜெயராணி.

மருத்துவமனையில் இரண்டு நாள், பிறகு வீடு. ஜெட்டியிலிருந்து திரும்பிய ஒன்பதாம் நாள் மாலை இறந்துபோனார்.

8

இரண்டாம் நாள் டீக்கடையில், இதைச் சொல்லி முடித்துவிட்டு, சிவப்பிரகாசம் என்னிடம் ஒரு உதவி கேட்டார்.

“எழுதும்போது அவள கப்பல்ல ஏத்தி விட்டுருங்க சார். கதைதானே.”

சரி என்றேன். அறைக்குப் போய் எழுதினேன்:

‘கார் நிக்கோபாரைத் தாண்டியதும் கடல் அடங்கிவிட்டது. ஜெயராணி மேல்தட்டில் கம்பியைப் பிடித்து நின்றார். விடியற்காலையில் கச்சால் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. சிவப்பிரகாசம் அவர் தோளில் சால்வையைப் போர்த்தி

[எனக்குக் கச்சால் எப்படியிருக்கும் என்று தெரியாது. அது பழங்குடியினருக்கான காப்புத் தீவு, வெளியூர்க்காரனான எனக்குப் பாஸ் கிடைக்காது. தெரியாத தீவில் ஒரு செத்துப்போன பெண்ணை இறக்கிவிட்டு, அவரை நிம்மதியாக மூச்சுவிட வைக்க வேண்டும். எனக்கு அது சிரமமில்லை. ஒரு பத்தியில் முடியும். படிக்கிற நீங்களும் தடுக்க மாட்டீர்கள்.]

மறுநாள் அந்தத் தாளை நான் எடுப்பதற்கு முன்பே சிவப்பிரகாசம் கையால் தடுத்தார்.

“வேணாம் சார். கப்பல்ல ஏத்தாதீங்க. ஏத்துனா, அங்க போய் இறங்கினதும் கேப்பா.”

“என்ன கேப்பாங்க?”

அப்போதுதான், மூன்றாம் நாள் மத்தியானத்தில், கதையில் இல்லாத ஒன்றைச் சொன்னார். நான் அதுவரை எழுதியிருந்ததெல்லாம் வேறு கதை என்று ஆயிற்று. திருத்தி எழுதாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

9

மருத்துவமனையிலிருந்து திரும்பிய மறுநாள் முற்பகல். தமிழரசி மருந்து வாங்க அபர்தீன் பஜாருக்குப் போயிருந்தாள். ஜெயராணி கட்டிலில் சாய்ந்திருந்தார். சிவப்பிரகாசம் அரிசிக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, கிட்ட வந்து உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

“கச்சாலுக்குப் போகணும்னு நான் எதுக்குக் கேட்டேன்னு வெளங்குச்சா?”

“பிள்ளைக்காக.”

“பிள்ளைக்காக இல்ல. அவன் அங்க இல்லங்கிறது எனக்குத் தெரியாதா? உங்களுக்காகக் கேட்டேன்.”

சிவப்பிரகாசத்துக்குப் புரியவில்லை. ஸ்பூனை நீட்டினார். ஜெயராணி அதை ஒதுக்கிவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“முத்துவீரன் அன்னைக்குத் தனியாத்தான் கரைக்குப் போனாரு. நம்ம பிள்ள அவரோட போகல. நான் மேட்டுல ஏறிட்டுத் திரும்பிப் பாத்தேன். கீழ நீங்க ஓடி வந்துக்கிட்டு இருந்தீங்க. உங்க கையப் பிடிச்சிக்கிட்டுத்தான் அவன் ஓடி வந்தான். செவப்பு டவுசர். தண்ணி வந்துச்சு. அப்புறம் நீங்க மட்டும் தென்ன மரத்துல இருந்தீங்க.”

வெளியே ஒச்சம்மா வீட்டில் குழாயடியில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை.

“மொகாம்ல நீங்க தம்பிகூடப் போயிட்டான்னு எழுதிக்கொடுத்தீங்க. நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா நீங்க உசுரோட இருந்திருக்க மாட்டீங்க. பன்னெண்டு வருசமா, தெரியாத மாதிரியே இருந்துட்டேன். தமிழுக்குக்கூடத் தெரியாது.”

“ராணி...”

“அங்க கூட்டிட்டுப் போய், அந்த எடத்துல நின்னு கேட்டா சொல்லிருவீங்க, லேசாகிரும்னு நெனச்சேன். நான் போயிட்டா உங்ககிட்ட அத யாரு கேப்பா? இங்க கேக்க மனசு வரல. இப்ப வேற வழியில்ல.” அவர் கை போர்வைக்கு மேல் வந்து, கணவரின் மணிக்கட்டைப் பிடித்தது. “உங்க மேல கோவம் இல்ல. சொல்லுங்க. கைய நீங்க விட்டீங்களா, அவனா விட்டானா?”

10

இவ்வளவு சொல்லிவிட்டுச் சிவப்பிரகாசம் எழுந்துவிட்டார். நீல் தீவிலிருந்து வரும் போட்டுக்கு நேரமாகிவிட்டது, கவுண்டரில் சிஸ்டம் தகராறு செய்கிறது என்றார். நானும் எழுந்தேன். கை கொடுத்தார். ஈரமாக இருந்தது.

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அவர் நடந்ததை நடந்தபடி சொல்கிறார். ஜெயராணி மணிக்கட்டை விடாமலே கேட்கிறார். ஒன்றில், அப்போதும் அவர் ‘தம்பிகூடத்தான் போனான்’ என்கிறார். ஜெயராணி சரி என்று கண்ணை மூடிக்கொள்கிறார். இன்னொன்றில், அவர் வாயைத் திறக்கும் நேரத்தில் தமிழரசி மருந்தோடு உள்ளே வருகிறாள். அதன்பின் மீதியிருந்த ஆறு நாட்களில் இருவரும் தனியாக இருக்கவே நேரவில்லை. மூன்றையும் படித்துப் பார்த்தேன். மூன்றும் நம்பும்படிதான் இருக்கின்றன. எதையும் இங்கே போடவில்லை.

ஜெட்டி வாசல் வரை கூட நடந்தபோது அவர் பாதி வாக்கியம் ஒன்று சொன்னார். தான் ஜெயராணியிடம் சொன்னதை எனக்குச் சொல்லத் தொடங்கினாரா, இல்லை இன்னும் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறாரா என்று தெரியவில்லை. சிவப்பிரகாசம் நின்றார், கண்ணாடியைக் கழற்றினார், என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“ராணி, அன்னைக்கு என் கை